கதவில் ஒட்டிய அறிவிப்பை எடுத்துவிடுங்கள்: பயிற்சி நிலைய நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் நம் தொழில்பயிற்சி நிலையத்தின் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மொத்தம் மூன்றே செய்திகள். அடுத்த சேர்க்கையிலிருந்து மாலை வகுப்பு கிடையாது. விண்ணப்பிப்பவர் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் குறைந்தது மூன்று பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) பெற்றிருக்க வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கான நீல நிற அடையாள அட்டை இல்லாதவர்கள் இனி எந்த வகுப்பிலும் சேர முடியாது. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வேலையிடப் பாதுகாப்பு வகுப்புக்கும் இது பொருந்தும்.

அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது என் பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான். கட்டுமான வேலை முடிந்து நேராக வந்திருந்தான். சட்டையெல்லாம் சிமென்ட் தூசு. "என்ன எழுதியிருக்கிறது அக்கா?" என்று கேட்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியும். தான் வாசித்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பெயர் கொடுக்க வந்தவன், சிறிது நேரம் நின்றுவிட்டு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டான். அதன்பின் அவன் வரவில்லை.

குழுவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆகவே ஊரார் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று மாலை அந்த வகுப்பில் அளவு வாசிக்கவும் மலாய் படிவங்களை நிரப்பவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதற்காகச் சம்பளம் வாங்கியதில்லை, கேட்டதும் இல்லை. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினார்கள். 1988 இல், பதினேழு வயதில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே தொழிற்சாலை பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்துவிடும். தீவுக்குப் போகும் பினாங்குப் பாலம் திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கடலைக் கடக்கும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும்.

அங்கே என்னிடம் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. ஓர் இடுக்கியைக் கையில் கொடுத்து, சிறிய ஊசிகளை எடுத்துத் துளைகளில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். எத்தனை நிமிடத்தில் முடிக்கிறேன் என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் பரிசோதனை. மறுநாள் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கை நடுங்காது, கண் தெளிவு, சொன்னதைப் புரிந்துகொள்வாள் என்ற மூன்றும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. 1972 இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கி, இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், பாஷ் போன்ற நிறுவனங்கள் வந்து இறங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் உள்ளே போனார்கள். பத்து ஆண்டுகளில் நான் வரிசைத் தலைவி ஆனேன். எஸ்.பி.எம். முடித்து வந்த பிள்ளைகளுக்கு நான் வேலை பழக்கினேன். 29 ஆண்டுகள் கழித்து, அந்தப் பிரிவை மூடியபோது வி.எஸ்.எஸ். என்ற விருப்ப விலகல் இழப்பீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் கதையை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் நுழைந்த அந்த வாசல் இன்று இல்லை. நான் இடுக்கியால் செய்ததை இயந்திரம் செய்கிறது. தொழிற்சாலைகள் பாலத்தின் இந்தப் பக்கம் பத்து காவானிலும் வரிசையாக எழும்பி நிற்கின்றன. அவை கேட்பது இயந்திரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவனை, வெல்டிங் தெரிந்தவனை, வயரிங் தெரிந்தவனை. அன்று தொழிற்சாலையே எனக்குப் பள்ளியாக இருந்தது. இன்று பயிற்சி பெறாதவனைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். கூலிக்கு ஆள் எடுக்கும் குத்தகையாளர் மட்டும்தான் அவனை அழைத்துப் போகிறார். வாசலுக்கு வெளியே நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த நிலையத்தை ஊர்ப் பணத்தில் எழுப்பினோம். என் அம்மா ஐம்பது ரிங்கிட் கொடுத்தார். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் மேசை போட்டு உட்கார்ந்து நாம் பணம் திரட்டியபோது மூன்று கிரெடிட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக என்றுதான் சொன்னோம். மக்களும் அதை நம்பித்தான் கொடுத்தார்கள்.

முடிவுக்கு என்ன காரணம் என்று செயலாளரிடம் நேரில் கேட்டேன். மறைக்காமல் சொன்னார், அதற்கு நன்றி. மாலை வகுப்பில் சேர்பவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள், ஆண்டறிக்கையில் நம் விழுக்காடு கெட்டுப்போகிறது, மானியம் தருபவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றார்.

பாதிப் பேர் நிற்கிறார்கள் என்பது உண்மை. கடைசி அணியில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், பதினொருவர் முடித்தார்கள். முடிக்காத பதினொருவரைப் பற்றி அறிக்கையில் ஓர் எண் மட்டும் இருக்கிறது. நான் அவர்களைத் தேடி வீட்டுக்குப் போனேன். மூன்று பேருக்கு வேலை நேரத்தை இரவுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேரைக் குத்தகையாளர் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். ஒருவனுடைய மோட்டாரைத் தவணை கட்டாததால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு வகுப்பு முடித்துச் சுங்கை பாக்காப்பில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் எப்படித் திரும்புவது என்று அவனுடைய தாயார் என்னைக் கேட்டார். ஒரு பெண்ணின் அம்மாவுக்குப் பக்கவாதம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இரண்டு பேரால் பொருள் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. ஒருவன் கைதாகிவிட்டான், அதை ஒளிக்க மாட்டேன். ஒருவனை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்தக் குடும்பம் எங்கே போனது என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பத்துப் பேரில் பாடம் புரியாததால் நின்றவர் ஒருவர்கூட இல்லை. ஒருவனுக்கு வீடு திரும்ப வண்டி வேண்டியிருந்தது. இருவருக்குப் பொருள் கட்டணம். மூவருக்கு, விட்டுப்போன பாடத்தை ஞாயிற்றுக்கிழமை மீண்டும் நடத்தினால் போதுமாக இருந்தது. இவற்றில் எதையும் நாம் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்காமல் வகுப்பையே எடுக்கிறோம்.

எஸ்.பி.எம். கிரெடிட் உள்ளவர்களை மட்டும் பகலில் சேர்த்தால் விழுக்காடு ஏறும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. அரசாங்கத்தின் தொழில்பயிற்சிக் கழகங்கள், கியாட்மாரா, பாலிடெக்னிக் என்று அவர்கள் விண்ணப்பிக்க இடமுண்டு. நாம் இல்லாவிட்டாலும் அவர்கள் எங்கேயாவது சேர்ந்துவிடுவார்கள். அப்படிச் சேரக்கூடியவர்களைச் சேர்த்து, அவர்கள் வேலைக்குப் போவதை நம் சாதனை என்று அறிக்கையில் எழுதினால், மானியம் தருபவர்களுக்கும் ஊர்மக்களுக்கும் நாம் உண்மையைச் சொன்னதாக ஆகாது.

எஸ்.பி.எம். விதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தேவையே இல்லாத விதி. மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். கட்டாயம் இல்லை. பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும், மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். திறன் மேம்பாட்டுத் துறை கேட்பது அவ்வளவுதான். முதல் நிலையை முடித்தவன் இரண்டாம் நிலைக்குப் போகலாம், மூன்றாம் நிலைக்குப் போகலாம், அதன்பின் டிப்ளோமா வரை ஏறலாம். பள்ளியில் ஏணி தவறியவனுக்காக அரசாங்கமே இன்னொரு ஏணியை வைத்திருக்கிறது. அதன் முதல் படியை வெட்டுவது நாம்தான்.

எஸ்.பி.எம். இல்லாதவன் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தேறாதவனுக்கு மற்ற பாடங்களில் என்ன கிடைத்திருந்தாலும் சான்றிதழே கிடையாது. என் மாணவன் ஒருவன் கணிதத்தில் நன்றாகவே எழுதியிருந்தான், வரலாற்றில் தவறிவிட்டான். மறுதேர்வு எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. லோரியில் கெலிண்டானாக (ஓட்டுநரின் உதவியாளாக) சேர்ந்து மூட்டை ஏற்றி இறக்கினான். பத்தொன்பதாவது வயதில் நம் மாலை வகுப்புக்கு வந்தான். முதல் வாரம் வெல்டிங் கம்பி தகட்டில் ஒட்டிக்கொண்டு வராமல் அவனை அழ வைத்தது. மூன்றாவது மாதத்தில் அவன் போட்ட வெல்டிங்கைப் பயிற்றுநர் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டினார். பகலெல்லாம் லோரி, மாலையில் வகுப்பு என்று ஒன்றரை ஆண்டு. இன்று பிறையில் ஓர் உலோகப் பட்டறையில் நிரந்தர வேலையில் இருக்கிறான், இ.பி.எஃப். சேமநிதி இருக்கிறது, சொக்சோ சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இருக்கிறது, ஆண்டு விடுப்பு இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு அவன் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கதவில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள் அன்றைக்கு இருந்திருந்தால் அவன் இன்னும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருப்பான்.

பகல் வகுப்பு இருக்கிறதே, அதில் சேரட்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அறுபது ரிங்கிட் கூலியில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள். இருபத்தாறு நாள் ஒரு நாளும் தவறாமல் வேலை செய்தால் அவருக்கு 1,560 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மழை பெய்து வேலை நின்றால் அந்த 1,560 ரிங்கிட்டும் முழுதாக வராது. அவருக்கு வேலை தெரியாதா? எட்டு ஆண்டுகளாக அதே வேலைதான். தெரியும் என்று காட்டும் தாள்தான் அவரிடம் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே முந்தைய அனுபவத்தை மதிப்பிட்டுத் திறன் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது; மலாய் சுருக்கத்தில் பி.பி.தி. என்பார்கள். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அந்தக் கோப்பைத் தயாரிக்கத்தான் அவருக்கு உதவி வேண்டும். செய்த இடத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும், முதலாளியிடமிருந்து கடிதம் வாங்க வேண்டும், மலாயில் எழுத வேண்டும். என்னிடம் நான்கு பேர் அரைகுறைக் கோப்புகளோடு காத்திருக்கிறார்கள். மாலையில் நிலையம் பூட்டியிருந்தால் அவர்களை எங்கே உட்கார வைப்பேன்?

நீல அட்டை விதியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் அது யாரைக் குறிவைக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெண் பிள்ளை. பதினேழு வயது. புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள். அப்பா இந்த நாட்டுக் குடிமகன், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர். அம்மா வெளிநாட்டவர். பிள்ளை பிறந்த பிறகுதான் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள், தந்தையின் குடியுரிமை செல்லாது என்பது நம் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியதையே திருமணம் என்று நம்பிய எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்லள் என்று அச்சாகியிருக்கிறது. வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை. மோட்டார் லைசென்ஸ் எடுக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். சம்பளத்தைக் கையில் கொடுக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்து.

அவள் நம் தையல் வகுப்பில் ஏழு மாதம் படித்தாள். அரசுச் சான்றிதழுக்காக அல்ல. நம் நிலையத்தின் சொந்தச் சான்றிதழுக்காக. அவளைச் சேர்த்ததற்காக யாரும் நம்மைக் கேள்வி கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டியவளை இப்போது வராதே என்று சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமக்களாகப் பதிவுசெய்ய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2024 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த வயதைப் பதினெட்டாகக் குறைக்கிறது. அவளுக்கு அடுத்த ஆண்டு பதினெட்டு. இந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்படுவது விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஓர் ஆளும், உட்கார்ந்து எழுத ஒரு மேசையும். இரண்டும் நம் நிலையத்தில்தான் இருந்தன.

இனி ஞாயிறு வகுப்பு. இதுதான் உங்களில் பலருக்குப் பிடிக்காதது என்று தெரியும். நம் பிள்ளைகளுக்கே வழியில்லை, வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு ஏன் வகுப்பு என்று கேட்கிறீர்கள்.

அந்த வகுப்பு ஏன் தொடங்கியது என்று சொல்கிறேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இங்கே ஓர் உணவகத்தில் வேலை செய்தார். இரவு கடை மூடிய பிறகு கழிப்பறையைக் கழுவச் சொன்னார்கள். ஒரு புட்டியில் வெளுப்பான், இன்னொன்றில் அமிலம். இரண்டையும் கலந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்து வாளியில் ஊற்றிவிட்டார். கலக்கக் கூடாது என்று இரண்டு புட்டியிலும் மலாயில் எழுதியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். கதவு மூடிய சிறிய அறை. நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். 2019 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் சொக்சோ உண்டு. வேலையிடத்து விபத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்பதே அந்த இளைஞருக்குத் தெரியாது. மருத்துவமனைக் கட்டணத்தை அவருடைய சம்பளத்திலிருந்து பிடித்தார்கள். அவருடைய கடவுச்சீட்டு முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தது. 1966 ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி அப்படி வைத்திருப்பது குற்றம் என்று நான் சொன்னபோது, "அக்கா, அதைக் கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஏஜெண்டுக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது" என்றார்.

அதன்பின்தான் நாற்பது மலாய் சொற்களோடு அந்த வகுப்பைத் தொடங்கினோம். அவாஸ், பஹாயா, ராச்சுன், ஜாங்ஙான் சம்பூர். எச்சரிக்கை, ஆபத்து, நஞ்சு, கலக்காதே. எரிவாயுக் கலனை எப்படி மூடுவது, எண்ணெயில் தீப்பற்றினால் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது, சம்பளச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் நேரச் சம்பளம் உண்டு என்பது, இவ்வளவுதான் பாடம். மதியச் சாப்பாட்டு நெரிசல் தீர்ந்து, மாலை வியாபாரம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வருவார்கள். சட்டையில் கறி வாசத்தோடு வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் முறையான வேலை பெர்மிட் வைத்திருப்பவர்கள்; பெயர்ப் புத்தகத்தில் எண்ணோடு எழுதி வைத்திருக்கிறேன். சட்டத்தை மீறச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வரிசைத் தலைவியாக இருந்த காலத்தில் எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. வெளிநாட்டவர்கள் வந்துதான் நம் சம்பளம் ஏறவில்லை என்று நானும் பேசியிருக்கிறேன். பிறகு குத்தகையாளர்கள் ஆள் எடுப்பதை அருகிலிருந்து பார்த்தேன். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் கடனோடு ஊருக்குப் போக வேண்டும். ஆகவே பேச மாட்டார். பேசாதவரைப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கலாம். அதே விலைக்கு நீயும் வருகிறாயா என்றுதான் நம் பையனைக் கேட்கிறார்கள். அந்தச் சிவகங்கை இளைஞருக்குத் தம் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாதவரை நம் பையனுடைய நாள் கூலி அறுபதைத் தாண்டாது. இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தச் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுவந்தார்கள். 1910 இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கங்காணியிடம் வாங்கிய கடனைப் பால்மரம் வெட்டித் தீர்க்க நான்கு ஆண்டு ஆனது என்று பாட்டி சொல்வார். கணக்குப் புத்தகம் கங்காணியிடமே இருக்கும்; தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. உங்களில் மூவர் தோட்டத்துப் பிள்ளைகள். உங்கள் வீட்டிலும் இதே பேச்சு இருந்திருக்கும்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

கதவில் ஒட்டிய அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். மாலை வகுப்பை அடுத்த சேர்க்கையிலும் நடத்துங்கள். முதல் நிலைத் திறன் சான்றிதழுக்கு எஸ்.பி.எம். கிரெடிட் கேட்கும் விதியை முற்றாக நீக்குங்கள். திறன் மேம்பாட்டுத் துறை கேட்காததை நாம் கேட்கத் தேவையில்லை. சேர வருபவருக்கு ஒரு கைத்திறன் சோதனை வையுங்கள், வாசிப்புச் சோதனை வையுங்கள். அதை நடத்த நான் வருகிறேன்.

பாதியில் நிற்பவர்களைக் குறைக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அதற்கு ஒரு வேன் போதும். நிபோங் திபாலிலிருந்து சுங்கை பாக்காப் வழியாக வாரத்தில் மூன்று இரவு ஓடட்டும். பள்ளி வேன் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர் கூலியும் கொடுத்தால் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பொருள் கட்டணத்தைத் தவணையாக வாங்குங்கள். இரவு வேலைக்கு மாற்றப்பட்டவர்களுக்காக, விட்டுப்போன பாடத்தை ஞாயிறு காலையில் நடத்த நம் பயிற்றுநர்களில் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயணப்படி கொடுத்தால் போதும்.

பிறையிலும் பத்து காவானிலும் உள்ள தொழிற்சாலைகளிடம் போய்த் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் நம் பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள். 2005 இலிருந்து இருக்கும் திட்டம் அது; பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலும் மீதி பயிற்சி நிலையத்திலும் நடக்கும், பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் கிடைக்கும். என்னைப் போன்ற ஆசிரியை போய்க் கேட்டால் காவலர் கூண்டைத் தாண்ட முடியாது. தலைவர் போனால் மனிதவள மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். ஆண்டுக்கு ஐந்து தொழிற்சாலைகள் போதும்.

பி.பி.தி. கோப்பு தயாரிக்க வாரத்தில் ஒரு மாலை நிலையத்தின் கணினி அறையைத் திறந்துவிடுங்கள்.

நீல அட்டை விதியை, அரசு விதிகள் கேட்கும் வகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் சொந்தச் சான்றிதழ் வகுப்புகளுக்கு அது வேண்டாம். அந்தப் பெண் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சமிருக்கும் இரண்டு மாதத்தை முடிக்கவிடுங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவ மாதம் ஒரு முறை வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலிருந்து ஒருவரை நிலையத்துக்கு அழையுங்கள். குழுவின் கடிதம் போனால் வருவார்கள்.

ஞாயிறு பாதுகாப்பு வகுப்பை மீண்டும் நிலையத்துக்குள் கொண்டுவாருங்கள். செலவு ஊர்ப் பணத்திலிருந்து போக வேண்டாம் என்றால், உணவக உரிமையாளர்களிடம் கேளுங்கள். தொழிலாளி ஒருவருக்கு மாதம் பத்து ரிங்கிட் என்றாலும் போதும். பணம் தர மறுப்பவர்களின் தொழிலாளிகளையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆண்டறிக்கையில் முடித்தவர்களின் விழுக்காட்டோடு, நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதையும் பெயர் இல்லாமல் எழுதுங்கள். என் குறிப்பேட்டைத் தருகிறேன். மானியம் தருபவர்கள் அதையும் வாசிக்கட்டும். வேனுக்குப் பணம் கேட்கும்போது அந்தப் பக்கம்தான் நமக்கு உதவும்.

இந்த மடலுக்குப் பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நிலையத்தில் இடம் மறுக்கப்பட்டதால் ஞாயிறு வகுப்பு இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கிறது. மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடித்தாக வேண்டும், அதன்பின் அவர்கள் கடைக்குத் திரும்ப வேண்டும். வரும் ஞாயிறு குழுவிலிருந்து இருவராவது வாருங்கள். நாற்காலிகள் போதாது; பாய் விரித்திருப்போம். மாலை வகுப்பில் பெயர் கொடுக்கக் காத்திருப்பவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். சிமென்ட் தூசுச் சட்டையோடு வந்த அந்தப் பையனையும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவனும் இருப்பான். உங்கள் முடிவை அவர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பின் அளவுப் பாட ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.